சாப்பாட்டு மேசையில் கண்ட குரோமோசோம்

நேயர்களுக்கு வணக்கம். நோயியல் மருத்துவர் என்று சொன்னதும், "பிரேதப் பரிசோதனை செய்வீங்களா?" என்று என் சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். எங்கள் வேலை பெரும்பாலும் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். அவர்கள் எங்களைப் பார்ப்பதில்லை; ரத்த மாதிரி வரும் சோதனைக் குழாய் மேல் ஒட்டிய சீட்டில் இருக்கும் பெயரும் வயதும்தான் எங்களுக்கு அறிமுகம்.

மரபணு அளவில் நோயைத் தேடும் மூலக்கூறு நோயியல் பக்கம் என்னை இழுத்த கதை ஒன்று உண்டு. 1960-இல், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்போர்டும், ஒருவகை ரத்தப் புற்றுநோய் செல்களில், மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களில் ஒன்று மட்டும் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். முன்பே நோவெல் செல்களைக் குழாய்த் தண்ணீரில் அலசியிருந்தார். முறை தெரிந்தவர் செய்கிற காரியமல்ல! ஆனால் செல்கள் உப்பி, குரோமோசோம்கள் விலகித் தெளிவாகத் தெரிந்தன.

குறைந்த துண்டு எங்கே போனது? பன்னிரண்டு ஆண்டுகள் விடையில்லை. சிகாகோவில் ஜேனட் ரௌலி, நான்கு பிள்ளைகளின் தாய், பல ஆண்டுகள் பகுதி நேரமாக வேலை பார்த்தவர். குரோமோசோம் படங்களை வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, கத்தரிக்கோலால் வெட்டி ஜோடி சேர்ப்பார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். 1972-இல் அவருக்குப் புலப்பட்டது: 22-ஆவது குரோமோசோமின் துண்டு 9-ஆவதில் ஒட்டிக்கொண்டிருந்தது. பகுதி நேரமாக வருபவருக்கு ஆராய்ச்சி சரிப்படுமா என்று நேர்காணலில் யாராவது கேட்டால், எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வரும்.

இடம் மாறியதில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிப்போய், ஓய்வே இல்லாமல் செல்லைப் பெருகச்சொல்லும் ஒரு புரதம் உருவாகிறது. அதை அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2001-இல்தான் அனுமதி கிடைத்தது. குட்டைக் குரோமோசோமைக் கண்டு 41 ஆண்டுகள்! புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் புதிய அடையாளம், அதாவது குறிப்பான், கண்டுபிடிப்பு என்று செய்தி வரும்போதெல்லாம் நான் அவசரப்பட்டுக் கைதட்டாததற்கு இதுவும் ஒரு காரணம். பெரும்பாலானவை ஆய்வகத்தைத் தாண்டுவதே இல்லை.

இது தாண்டியது. ஒட்டிய மரபணு ரத்தத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று இன்று அளக்கிறோம், 0.1 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் சிகிச்சை தருபவருக்குப் பாதி நிம்மதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே பெயர் ஒட்டிய குழாய் எங்கள் மேசைக்கு வரும். போன தடவை ஒரு பெயர் வரவில்லை. மனசு கேட்காமல் புறநோயாளிப் பிரிவுக்குப் போன் போட்டேன். பஸ்ஸை விட்டுவிட்டாராம். மறுநாள் காலையிலேயே குழாய் வந்துவிட்டது.