ஓலையும் சாம்பலும்

நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்து உயிர்த்தெழுந்த திருநாளான ஈஸ்டரைப் பற்றிப் பேச வானொலியில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றதும் பக்கத்து வீட்டுக்காரர், "அந்த முட்டைத் திருநாளா சார்?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பினாங்கின் பேரங்காடிகளில் சாக்லேட் முட்டைகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. ஈஸ்டருக்கு முந்திய பெரிய வெள்ளிக்குச் சபாவிலும் சரவாக்கிலும் பொது விடுமுறை உண்டு, நம் பக்கம் இல்லை. முட்டையும் முயலும் இல்லையென்றால் பலருக்கு இந்த நாள் வந்து போவதே தெரியாது.

தேதி வேறு வருஷா வருஷம் மாறும். பஞ்சாங்கம் பார்க்கிற வீடுகளில் இதை விளக்குவது சுலபம். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ திருச்சபைக் கணக்கில் பௌர்ணமி எப்போது வருகிறதோ, அதை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். பல வருஷங்களில் அது பங்குனி உத்திரத்தை ஒட்டி வருவது அதனால்தான்.

சரி, நான் பேச வந்தது ஓலையைப் பற்றி. ஈஸ்டருக்கு முந்திய ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. தென்னங்குருத்தைச் சிலுவையாக மடித்துக்கொண்டு பவனி போவோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகிவிடுவார். வருஷம் முழுக்க அங்கேதான் இருக்கும், காய்ந்து, பல்லிக்கு ஒதுங்க இடம் கொடுத்துக்கொண்டு.

ஒரு கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குச் சாயம் அடித்தோம். எனக்குப் பத்து வயசு இருக்கும். பெரிய மனுஷன் மாதிரி ஒட்டடை அடித்து, அந்த ஓலையையும் குப்பையில் போட்டுவிட்டேன். அம்மா திட்டவில்லை. குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து, மீன் செதிலுக்கு நடுவிலிருந்து அதைத் தேடி எடுத்தார், துடைத்தார், மறுபடியும் செருகினார். "இது அடுத்த வருஷத்துச் சாம்பல்டா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்குமுன் பழைய ஓலைகளைக் கோயிலில் கொடுப்போம். அவற்றை எரித்த சாம்பலைத்தான் தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசுவார்கள். நீ மண், மண்ணுக்கே திரும்புவாய் என்று சாமியார் சொல்லிப் பூசியபோது, அம்மா என் காதோரம் குனிந்து, "நீ தூக்கிப் போட்டதும் இதுல இருக்கு" என்றார். போன வருஷம் ஆரவாரமாகப் பிடித்த ஓலை, இந்த வருஷம் நெற்றியில் சாம்பல். அதற்குப் பிறகு நாற்பது நாள் நோன்பு. அதெல்லாம் கழிந்த பிறகுதான் ஈஸ்டர்.

முட்டையும் அப்படி வந்ததுதான். இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்கு. கோழிக்கு நோன்பு தெரியுமா? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருக்கும். சேர்ந்த முட்டைகளுக்கு ஈஸ்டரன்றுதான் விடுதலை. கீழைத் திருச்சபைகளில் முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். சிவப்பு கிறிஸ்துவின் இரத்தம், ஓடு மூடிய கல்லறை, உடைப்பது உயிர்ப்பு.

ஆக, பேரங்காடி விற்கிற முட்டையோடு எனக்குச் சண்டை இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு நானே வாங்கிக் கொடுக்கிறேன். நாற்பது நாள் முட்டை தொடாதவன் கையில் கிடைக்கிற முட்டை வேறு, அவ்வளவுதான். அந்த நாற்பது நாளை எந்தக் கடையிலும் அடுக்கி வைக்க முடியாது. தைப்பூசத்துக்கு விரதமிருந்து தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கிறவருக்கு இதை நான் சொல்லித் தரவேண்டுமா? விரதத்தை விட்டுவிட்டுக் காவடியை மட்டும் தூக்கச் சொன்னால் அவர் என்ன சொல்வார்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். ஈஸ்டருக்கு முந்திய சனி இரவு நெருப்பைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்திருந்தேன், மாட்டிக்கொண்டேன். சுருக்கமாகச் சொல்கிறேன். நன்றாக இருட்டிய பிறகு கோயில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுவோம். வெளியே புது நெருப்பு மூட்டி, அதில் பாஸ்கா திரி என்கிற பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றி, இருட்டுக்குள் கொண்டு போவோம். அதிலிருந்து ஒவ்வொருவர் கையிலும் மெழுகுவர்த்தி பற்றிக்கொண்டே வரும். அன்றைக்கு இரவு ஜார்ஜ்டவுனில் ஒரு கத்தோலிக்கக் கோயிலைக் கடந்து போனால், உள்ளே இருட்டாக இருக்கிறதே என்று மின்சாரக் கம்பெனிக்குப் போன் போட்டுவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.