மணமான பெண்ணின் சம்பாத்தியமும் ஒரு விக்டோரியா கால நாவலும்

நேயர்களுக்கு வணக்கம். விக்டோரியா காலத்து ஆங்கில நாவல் என்றதும் டிக்கன்ஸ் காட்டிய ஏழையர் விடுதிகளும் கடனாளிகளின் சிறையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதே துணிச்சலோடு ஒரு வசதியான குடும்பத்தின் உள்ளறையைத் திறந்து காட்டியவர் ஆன் பிராண்டே. ஆக்டன் பெல் என்ற புனைபெயரில் 1848இல் அவர் வெளியிட்ட 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

குடிகாரக் கணவனிடமிருந்து தன் சிறுவயது மகனைக் காப்பாற்ற நினைக்கும் ஹெலன், ஓவியம் விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று இரகசியமாகத் திட்டமிடுகிறாள். அவளது நாட்குறிப்பைப் பிடுங்கிப் படித்துவிடும் கணவன், சாவிகளைப் பறித்து, பணத்தையும் நகைகளையும் எடுத்துக்கொண்டு, வண்ணங்களையும் தூரிகைகளையும் அவள் கண்ணெதிரிலேயே நெருப்பில் போடுகிறான். எண்ணெயும் டர்பன்டைனும் சீறிக்கொண்டு புகைபோக்கியில் ஏறுகின்றன. இந்தப் பக்கத்தை என்னால் பதற்றமின்றிப் படிக்க முடிந்ததில்லை. ஏனெனில், தனி ஒப்பந்தம் எழுதிவைத்திருந்தாலொழிய, மனைவியின் கைப்பொருளும் சம்பாத்தியமும் கணவனுக்கே உரியவை என்பதுதான் அன்றைய இங்கிலாந்தின் சட்டம். பிள்ளையின் மீதான உரிமையும் தந்தைக்கே இருந்தது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காகத் தாய் நீதிமன்றத்தை நாட 1839ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழிவிட்டது. அதற்காகப் போராடிய கரோலின் நார்ட்டனும் ஓர் எழுத்தாளரே.

இறுதியில் மகனோடு தப்பிச் செல்லும் ஹெலன், வேறு பெயரில் ஒளிந்து வாழ்ந்து, தான் வரையும் இடத்தின் பெயரைக்கூடப் படத்தில் மாற்றி எழுதி, லண்டனுக்கு விற்பனைக்கு அனுப்புகிறாள்.

நாகரிகமற்ற எழுத்து என்று விமர்சகர்கள் சாடியபோது, உண்மையைச் சொல்லவே எழுதினேன் என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் ஆன் உறுதியாகப் பதிலளித்தார். மறு ஆண்டே, 29 வயதில், அவர் காலமானார். அதன்பின் அக்காள் ஷார்லட்டே மறுபதிப்பை விரும்பவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இந்த நாவல் நேரடியாகச் சட்டத்தை மாற்றிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், மணமான பெண்களின் சொத்துரிமைக்காகப் பார்பரா லீ ஸ்மித் முன்னின்று திரட்டிய மனு 1856இல் நாடாளுமன்றத்துக்குச் சென்றபோது, நாவலாசிரியர் எலிசபெத் கேஸ்கெல்லின் கையெழுத்தும் அதில் இருந்தது. தன் கதை ஒன்றுக்கு வந்த 20 பவுண்டுப் பணத்தைக் கணவர் நிதானமாகத் தம் பையில் போட்டுப் பொத்தானிட்டுக்கொண்டதாக ஒரு கடிதத்தில் எழுதியவர் அவர். முழுமையான சொத்துரிமைக்கு 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தாலும், மனைவி தன் உழைப்பால் ஈட்டுவது அவளுக்கே சொந்தம் என்று 1870ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இலக்கியத் திறனாலும் கலைத் திறனாலும் அவள் ஈட்டும் பணத்தையும் அது தன் முதல் பிரிவிலேயே வெளிப்படையாகக் குறிப்பிட்டது.