"அந்தா ஒருத்தன் சும்மா நிக்கிறான் பாரு" (பொங்கல் பட்டிமன்றத்துல பேசுனது)

நடுவர் ஐயாவுக்கும், வந்திருக்க எல்லாருக்கும், எதிரணிக்கும் சேர்த்து ஒரே வணக்கம். ஆச்சு, வணக்கம் முடிஞ்சுது. நேரம் கூடுதலா குடுத்தீகன்னா இன்னொண்ணு போடுறேன்.

தலைப்பு என்னன்னா, பழைய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேமை வந்தபடியே ஆடுறது சுகமா, மாட் போட்டு ஆடுறது சுகமா. ஆளுகளை வச்சு மரம் வெட்டி, வயல் விதைச்சு, கோட்டை கட்டி, எதிராளியோட சண்டை போடுற கம்ப்யூட்டர் கேம் அது. நான் வந்தபடியே ஆடுற கட்சி. ஆச்சி, மாட்னா மாடு இல்ல. மாட்டுப் பொங்கலன்னைக்கு இந்தத் தலைப்பை வச்சதால ரெண்டு பேரு கையில மாலையோட வந்துட்டாகன்னு இப்பத்தான் சொன்னாக. கம்பெனிக்காரன் செஞ்சு குடுத்த கேமை ஆடுறவனே பிரிச்சு, பெரிய மரத்தைச் சின்ன மரமாக்கி, தரையில கோலம் போடுற மாதிரி கட்டம் போட்டு வச்சுக்கிறான் பாருங்க, அதுக்குப் பேரு மாட். எதையும் தொடாம ஆடுனா அதுக்குப் பேரு வெனிலா. அதைக் கேட்டுட்டு பிள்ளைகள்லாம் முன்வரிசையில இடம் பிடிச்சிருக்கு, ஐஸ்கிரீம் கிடையாது கண்ணுகளா, வீட்டுக்குப் போங்க.

1939ல சா.கணேசன் காரைக்குடியில கம்பன் கழகம் ஆரம்பிச்சதுல இருந்து இந்தப் பக்கத்து மேடையில வாலியை மறைஞ்சு நின்னு அடிச்சது சரியா தப்பான்னு பேசியிருக்காக. இன்னைக்கு நாம கம்ப்யூட்டருக்குள்ள மேயுற ஆட்டை எப்ப வெட்டணும்னு பேசுறோம். வளர்ச்சி தான், வேற என்ன சொல்ல.

இப்ப எதிரணித் தலைவர் அண்ணன் என்ன சொன்னாக? "பழைய கேமை மாத்தாம ஆடுறவுக, ஊசிப்போன பணியாரத்தை ஆச்சி சுட்டதுன்னு சொல்லிச் சொல்லித் திங்கிற கூட்டம்"னாக. நீங்களும் கைதட்டுனீக, நான் பார்த்தேன், மூணாவது வரிசையில எங்க அம்மானே தட்டுனாக.

நான் எட்டு பாயிண்ட் எழுதிட்டு வந்தேன். இந்தா, சட்டைப்பையில வச்சுட்டேன். இனிமே பணியாரம் தான்.

அண்ணே, எந்த ஊர்ல நின்னு பணியாரத்தை இழுக்குறீக? உழக்குல பச்சரிசியை அளந்து அதுக்கு மேல உளுந்தைக் கோபுரமா குவிச்சு, ஊற வச்சு ஆட்டி, கரண்டியில ஊத்துனா எண்ணெய்க்குள்ள அதுவா வட்டமா எந்திரிச்சு வரும் வெள்ளைப் பணியாரம். எத்தனை தலைமுறையா அதே அளவு, எவனாவது அப்டேட் கேட்டானா? போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன், பேரு சொல்ல மாட்டேன், மொய் எழுதுன வீடு. இலையில பணியாரம் வச்சாக, பிச்சா இழுத்துக்கிட்டே வருது, விடவே மாட்டேங்குது, பக்கத்து இலைக்காரருக்கும் எனக்கும் நடுவுல பாலம் கட்டிருச்சு. என்னங்கன்னு கேட்டா சீஸ் பணியாரமாம். இன்னொண்ணை எடுத்தேன், உள்ள சாக்லேட். அண்ணே, அதுக்குப் பேரு தான் மாட். ஊசிப்போனதுன்னா அன்னைக்கு நாங்க இலையிலயே வச்சுட்டு வந்தோம் பாருங்க, அது தான் ஊசிப்போனது.

அப்புறம் பழசுன்னா மட்டம்னு வச்சுக்குவோம், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல நம்ம வீட்டு எனாமல் கேரியரையும் நிலைக்கதவையும் வாங்க வெளியூர்க்காரன் கார் போட்டு வர்றானே, அவனுக்குப் புத்தி இல்லையா? ஆத்தங்குடிக் கல்லைப் பேத்துட்டு வழவழன்னு டைல்ஸ் போட்டவுக இந்தக் கூட்டத்துலயே இருக்கீக, மழை ஈரத்துல வழுக்கி விழுந்து இடுப்புல பெல்ட் போட்டிருக்கவுகளும் இருக்கீக. நான் யாரையும் பார்க்கல, வானத்தைப் பார்த்துத்தான் பேசுறேன்.

எதிரணித் தங்கச்சி ஒண்ணு சொன்னுச்சு, "புதுசுல திராவிடர் இருக்கு, ராஜேந்திர சோழனுக்குத் தனி கேம்பெய்ன் இருக்கு, சுருள்வாள் வீரன் இருக்கான், இவுக இன்னும் பாரசீகத்தான் யானையை மேய்க்கிறாக"ன்னு. உண்மை தாம்மா. 2022ல வந்துச்சு, நானும் சந்தோஷப்பட்டேன். ஆனா அது மாட் இல்ல, 2019ல கம்பெனியே இந்த கேமைப் புதுசாக்கிக் கட்டுன புது வீட்டுல அப்புறம் இழுத்துக் கட்டுன ஒரு கட்டு. புது வீட்டுக்கு மொய் எழுதுவேன், குடியிருக்கிறது பழைய வீட்டுல. ரசிகருக சும்மா செஞ்ச மாட் ஒண்ணு பின்னால 2013ல அதிகாரபூர்வமாவே வெளிவந்துச்சு, இதை எதிரணி சொல்லியிருக்கணும், சொல்லல, நான் வேற வாயை விட்டுட்டேன், நடுவர் ஐயா அதைக் குறிச்சுக்காதீக.

சரி, எங்க அப்பத்தா கதைக்கு வர்றேன். இதுக்குத்தான் வந்தேன்.

எங்க ஐயாவோட ஐயா பர்மாவுல இருந்து தேக்கு கொண்டு வந்தாக, எங்க அம்மான் பர்மா பஜார்ல இருந்து சிடி கொண்டு வந்தாக. குடும்பப் பெருமை அம்புட்டுத்தான். 1999ல வந்த ஏஜ் ஆஃப் கிங்ஸ், அதான் இந்த ரெண்டாம் பாகம் முதல்ல வந்தபடி, பின்னால சேர்த்து வித்த எக்ஸ்பான்ஷன்லாம் கிடையாது, 13 நாடு தான். ஒரே கம்ப்யூட்டர், பிளக் பாயிண்ட் இரண்டாம் கட்டுல தான் இருக்குங்கிறதால அங்க வச்சிருந்தோம். பின்னால தூணுல சாஞ்சு காலை நீட்டி அப்பத்தா. கையில கொட்டான் பின்னுற ஓலை. அவுகளுக்கு ராஜா தெரியாது, கோட்டை தெரியாது, எழுத்து வாசிக்க கண்ணும் தெரியாது. ஆனா திடீர்னு குரல் வரும், "ஏண்டா தம்பி, அந்தா ஒருத்தன் சும்மா நிக்கிறான் பாரு."

திரும்பிப் பார்த்தா நிசமாவே மூலையில ஒருத்தன் சும்மா நிப்பான். பதினெட்டுக் கல்யாணத்துக்குச் சமையக்கட்டுல ஆள் வேலை பார்த்த கண்ணுங்க அது!

ஏன் நிக்கிறான்? அந்த கேம்ல ஒரு வயல் 175 சோறு குடுக்கும், அதோட செத்துரும். திரும்ப 60 மரம் குடுத்து நாமளா விதைக்கணும், விதைக்கலைன்னா ஆளு அப்படியே நிப்பான். அப்பத்தாகிட்ட சொன்னேன். "60 போட்டா 175 வருதா? நல்ல வட்டியா இருக்கே, போடுடா"ன்னாக. போட்டேன். அடுத்த கேள்வி, "இதுக்குக் கண்மாய் எங்க?" கண்மாய் இல்ல அப்பத்தா. "மழை?" அதுவும் கிடையாது. ரெண்டு நிமிஷம் பேசல. அப்புறம் சொன்னாக, "வெள்ளைக்காரன் ஊரு போல இருக்கு."

இன்னொரு நாள், பொம்பளையும் ஆம்பளையும் சேர்ந்து மரம் வெட்டுறதைப் பார்த்துட்டு "கூலி?"ன்னாக. ரெண்டு பேருக்கும் 50 சோறு தான் அப்பத்தா, ஒரே விலை. "அங்க நல்ல ராசா போல"ன்னாக. அதுக்கப்புறம் தான் ராசா யாருன்னே கேட்டாக.

அப்புறம் ஒரு ராத்திரி. நான் பாரசீகம், எதிர்ல பக்கத்து வீட்டு அண்ணன், அம்மான் எங்கேயோ கேபிள் தேடிக் கொண்டு வந்து ரெண்டு கம்ப்யூட்டரைக் கட்டியிருக்காக, வளவு முழுக்க கூட்டம், யாரோ காபி கூட போட்டாக. 650 கல்லு செலவழிச்சுக் கட்டுன கோட்டை, அதுல இருந்து ஒவ்வொண்ணா எடுத்த அஞ்சு யானை. யானை நடக்குது நடக்குது, நடந்துக்கிட்டே இருக்கு, நம்ம தேர் மாதிரி தான், அசைஞ்சு போய்ச் சேர்றதுக்குள்ள காபி ஆறிப்போச்சு. அவன் ஒரு சாமியாரை அனுப்புனான். மந்திரம் சொன்னான், முதல் யானை கலர் மாறுது, அவன் யானை ஆயிருச்சு. வளவே கத்துது. ரெண்டாவது யானையும் மாறுது. அம்மான் தலையில கை வச்சுட்டாக. அந்தப் பக்கம் என் கோட்டைச் சுவத்துல கல்லு வந்து விழுகுது. அந்த நேரம் பின்னால இருந்து அமைதியா,

"அந்தா ஒருத்தன் சும்மா நிக்கிறான் பாரு."

அப்பத்தா, யானை போச்சு! கோட்டை இடியுது! "அது கெடக்கட்டும்டா, அவனுக்கு ஒரு வேலையைக் குடு."

எதிரணி உடனே சொல்லுவாக, சும்மா நிக்கிறவனைக் காட்ட அப்பவே ஒரு பட்டன் இருந்துச்சேன்னு. இருந்துச்சு, முற்றுப்புள்ளி கீ. அந்த பட்டனுக்கு முன்னாடி அப்பத்தா சொல்லிருவாக. அடுத்த வருஷம் வந்த எக்ஸ்பான்ஷன்ல மில்லுக்கிட்ட முன்கூட்டியே மரத்தைக் கட்டி வச்சா செத்த வயலைத் திரும்ப விதைச்சுக்குவான், இப்ப வந்திருக்கதுல வயல் தானாவே விதைச்சுக்குது. நல்ல ஏற்பாடு தான், நான் இல்லைங்கல. அதுல ஒருத்தனும் வயல்ல சும்மா நிக்க மாட்டான். அப்ப அப்பத்தா எதைப் பார்த்து என்னத்தைச் சொல்லுவாக? அந்தக் குறையிலதாண்ணே அவுக உக்கார இடம் இருந்துச்சு. அதைச் சரி பண்ணிட்டா அவுக எந்திரிச்சுப் போகணும்.

போயிட்டாக. கொஞ்ச வருஷம் ஆச்சு.

வீடு பங்காளிக பதினோரு பேருக்குப் பொது, சாவி ஒரு இடத்துல, வருஷத்துல பாதி நாள் பூட்டுத்தான் தொங்கும். இந்தப் பொங்கலுக்குத் திறந்தோம். அண்ணன் பழைய எக்ஸ்பி லேப்டாப் ஒண்ணைத் தூக்கிட்டு வந்தாக, அதே சிடி, கீறல் விழுந்து மூணு தடவை துடைச்சப்புறம் தான் ஓடுச்சு. அதே தூணுக்கு முன்னால உக்காந்து அதே பாரசீகம் எடுத்தேன். சின்னஞ்சிறுசுக வந்து பார்த்துச்சுக, "என்ன சித்தப்பா, படம் இவ்வளவு மங்கலா இருக்கு"ன்னு கேட்டுட்டு ஓடிருச்சுக. ஆடிக்கிட்டே இருந்தேன். வயல் ஒண்ணு செத்துச்சு. ஆளு நின்னான். கையில 60 மரம் இருக்கு, ஒரு கிளிக்.

நான் போடலைங்க. திரும்பியும் பார்க்கல. ரொம்ப நேரம் அவனை நிக்க விட்டேன்.

மணி அடிச்சுட்டீகளா ஐயா? சரி, உக்காந்துக்கிறேன்.