நூலகத்தில் வேலை பார்க்கும் மாணவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வகுப்பு முடிந்த கையோடு நூலகத்துக்கு வந்து, திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கி, கவுண்டரில் உட்கார்ந்து புத்தகம் கொடுத்து வாங்கும் மாணவர்கள் பல கல்லூரிகளில் இருக்கிறார்கள். அதில் வரும் பணம் கட்டணத்துக்கோ விடுதிச் செலவுக்கோ ஆகும். அவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அவர்களை எடுபிடிகளாக நினைப்பது பெரிய தவறு. மெல்வில் டூயி, அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் படித்துக்கொண்டே அதன் நூலகத்தில் வேலை பார்த்தவர். புத்தகங்களைப் பொருள் வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் தசமப் பகுப்பு முறையை அங்கே இருந்தபோது யோசித்து, 1876இல் அச்சில் கொண்டுவந்தார். இன்று நம் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண் அந்த முறையில் வந்ததுதான்.

பயிற்சியை அந்த எண்ணிலிருந்தே தொடங்க வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லோருமே ஓரிடத்தில் தடுமாறுவார்கள். 005.8, 005.13 என்று இரண்டு புத்தகங்களைக் கொடுத்தால், எட்டு சிறியது, பதின்மூன்று பெரியது என்று 005.8ஐ முன்னால் வைப்பார்கள். புள்ளிக்குப் பிறகு ஒவ்வோர் இலக்கமாகப் பார்க்க வேண்டும். எட்டைவிட ஒன்று சிறியது, அதனால் 005.13தான் முதலில் வரும். வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், அடுக்கும்போது மறந்துவிடுவார்கள். ஒரு வண்டி நிறையப் புத்தகங்களைக் கலைத்துப் போட்டு, வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு பழைய மாணவர் பக்கத்தில் நின்று சரிபார்க்கட்டும். ஆசிரியரிடம் கேட்கத் தயங்கும் சந்தேகத்தை அக்காவிடமும் அண்ணனிடமும் கேட்டுவிடுவார்கள். இடம் மாறிப் போன புத்தகம், கணினியில் 'உள்ளது' என்று காட்டினாலும் தேடி வருபவருக்கு இல்லாத புத்தகம்தான். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சரி, பழகியவர்கள் ஏன் பாதியில் போய்விடுகிறார்கள்? பணம் தாமதமாவது முக்கியமான காரணம். தொகை சிறியதுதானே என்று அலுவலகம் நினைக்கலாம். பஸ் செலவுக்கு அதையே நம்பியிருக்கும் பிள்ளைக்கு அது சிறியதல்ல. தேர்வு வாரத்திலும் வழக்கமான நேரத்துக்கு வரச் சொல்வது இன்னொன்று. அந்த வாரங்களில் நேரத்தைக் குறைத்து, ஒருவருக்கொருவர் வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள விட்டால் போதும், யாரும் விலக மாட்டார்கள்.

இவற்றைவிட ஆழமான காரணம் சலிப்பு. வருடம் முழுக்க அடுக்கு வேலை மட்டும் கொடுத்தால் யாருக்கும் மனம் ஓடாது. இரண்டாம் பருவத்தில் ஒவ்வொரு மாணவர் பொறுப்பிலும் ஒரு பகுதியை விடுங்கள். தமிழ் இலக்கியம், 894.811, முழுவதும் ஒரு மாணவியின் பொறுப்பு என்று வையுங்கள். எது கிழிந்திருக்கிறது, எதை அடிக்கடி கேட்கிறார்கள், எதற்கு இன்னொரு பிரதி வேண்டும் என்று அவர் வந்து சொல்வார். புத்தகம் வாங்கும் பட்டியல் போடும்போது அவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் கல்லூரியை விட்டுப் போவதற்கு ஒரு மாதம் முன்பே அந்தப் பொறுப்பை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கட்டும். அந்த ஒரு மாதத்துக்கு இருவருக்கும் சம்பளம் உண்டு என்று நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.