15 வயதான காரை எங்கே காட்டுவது? ஒரு நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு கேஸ் கிட் போட்ட வண்டிகளைப் பற்றித்தான் பேசுவதாக இருந்தேன். ஒருவர் அதைப் பற்றி நீளமாகக் கேட்டிருந்தார். அதற்குள் கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சியின் கேள்வி வந்து சேர்ந்தது. இரண்டு நாளாக அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. கேஸ்காரர் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆச்சி எழுதியது இதுதான்: "அப்பச்சி (அப்பா) 2011இல் சென்னையில் வாங்கிய பெட்ரோல் கார், ஊரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. நல்லது கெட்டதுக்கு வரும்போது மட்டும் எடுப்போம். 15 வருஷம் ஆனால் எடைக்குத்தான் போட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெட்ரோல் பங்கில் புகை டெஸ்ட் எடுத்து வைத்திருக்கிறோம், அது போதாதா? போதாது என்றால் பக்கத்தில் எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?"

முதலில் எடைக்குப் போடுகிற பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். போட வேண்டியதில்லை. டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலும் டீசலுக்குப் பத்து வருடம், பெட்ரோலுக்குப் பதினைந்து வருடம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தச் செய்தி வாட்ஸப்பில் ஊர் ஊராக வந்து, தேவகோட்டை ரஸ்தாவைத் தாண்டும்போது 'இந்தியா முழுக்க' என்று ஆகிவிட்டது. அரசாங்க வண்டிகளுக்குத்தான் 15 வருடத்தோடு கதை முடிந்தது. 2023 ஏப்ரல் முதல் அவற்றின் பதிவைப் புதுப்பிப்பதில்லை. நம் சொந்த வண்டிக்கு 15 வருடம் என்பது ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றின் ஆயுள், அவ்வளவுதான். வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, தேறினால் இன்னும் ஐந்து வருடம் கொடுப்பார்கள். அதற்கப்புறமும் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

அடுத்தது புகை. பங்கில் எடுக்கிற சான்று புகையை மட்டும் பார்த்துக் கொடுப்பது. சைலன்சரில் குழாயை விட்டுப் பார்ப்பவருக்கு உங்கள் பிரேக் எப்படி இருக்கிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. அது தனி, பதிவுப் புதுப்பிப்பு தனி. பி.எஸ். 4 என்கிற புகைத் தரம் முதல் வந்த வண்டிகளுக்குப் புகைச் சான்று ஒரு வருடம் செல்லும், அதற்கு முந்திய வண்டிகளுக்கு ஆறு மாதம். சீட்டிலேயே தேதி போட்டிருக்கும்.

சரி, எங்கே காட்டுவது? செட்டிநாடு என்று நாம் ஒரே ஊர் மாதிரி சொல்கிறோம். ஆர்.டி.ஓ. கணக்கில் அது இரண்டாகப் பிரிகிறது. கானாடுகாத்தானும் கடியாபட்டியும் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர்கள். ஆனால் ஒன்று சிவகங்கை மாவட்டம், மற்றது புதுக்கோட்டை மாவட்டம். கானாடுகாத்தான்காரர் காரைக்குடி போக்குவரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டும், கடியாபட்டிக்காரர் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். எது கிட்டே என்று பார்க்காதீர்கள், உங்கள் முகவரி எந்த வட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விண்ணப்பம், கட்டணம் எல்லாம் அரசின் பரிவாகன் இணையதளத்தில் தொடங்கும். வண்டியை நேரில் கொண்டுபோனால் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்ப்பார். நம் ஊர் வழக்கில் சொன்னால் பிரேக் இன்ஸ்பெக்டர். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆச்சியின் கார் சென்னை முகவரியில் பதிவானது. இப்போது இங்கேயேதான் நிற்கிறது என்றால் முதலில் முகவரியை மாற்ற வேண்டும். சட்டப்படி வீடு மாறிய 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், யாரும் செய்வதில்லை. அதற்குப் படிவம் 33. பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. இதை முடிவுத் தேதிக்கு 60 நாள் இருக்கும்போதே கொடுக்கத் தொடங்கலாம். வண்டியின் உடம்பில் அடித்திருக்கும் சேசிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒட்டுவார்கள்; துருப்பிடித்துப்போய் அந்த நம்பர் தெரியாமல் அல்லாடிய வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தேதியை எங்கே பார்ப்பது? வாங்கிய பில்லில் இல்லை, கம்பெனி தயாரித்த வருடத்திலும் இல்லை. ஆர்.சி.யில், பதிவுத் தேதியிலிருந்து எண்ணுங்கள். இதை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், சொன்ன நானே ஏமாந்தேன். என் ஸ்கூட்டருக்கு ஆயுத பூஜைக்கு வாங்கியது என்ற நினைப்பில் ஆயுத பூஜை வரை நாள் இருக்கிறது என்று இருந்துவிட்டேன். ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தால் அது ஜூனிலேயே முடிந்திருக்கிறது. ஆயுத பூஜைக்கு வாங்கினது அந்த ஸ்கூட்டர் இல்லை, அதற்கு முந்தினது! இருசக்கர வண்டிக்குப் புதுப்பிக்க 1,000 ரூபாய், தாமதமானால் மாதத்துக்கு 300. நாலு மாதத்துக்கு 1,200. தாலியை விடக் கயிறு விலை அதிகமாகிவிட்டது என்று வீட்டில் ஒரு வாரம் சிரித்தார்கள்.

ஆச்சியின் காருக்குக் கட்டணம் 5,000. தாமதத்துக்கு மாதம் 500. வண்டி 20 வயதைத் தாண்டிவிட்டால் 2025 ஆகஸ்டிலிருந்து காருக்கு 10,000, பைக்குக்கு 2,000 என்று ஆக்கிவிட்டார்கள். இதுபோகத் தமிழ்நாட்டில் பசுமை வரி உண்டு, அது தனிக் கணக்கு. மஞ்சள் போர்டு வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். வாடகை வண்டிக்கும் லாரிக்கும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடா வருடம்.

இப்போது ஆச்சியின் கேள்வியில் கடைசி வரி. எல்லாம் எழுதிவிட்டு, போகிற போக்கில், அப்பச்சி தவறி எட்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறார். ஆச்சி, முதலில் எழுதியிருக்க வேண்டியது அதுதான். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயரை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் கேட்பார்கள். சம்மதம் கேட்கப் போனால் ஒரு தம்பி சிகாகோவில், ஒரு தங்கை கோலாலம்பூரில் என்று இருக்கும். நம் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு நாற்பது பங்காளி கையெழுத்து வாங்குகிறோம், காருக்கு நாலு கையெழுத்து பெரிய காரியம் இல்லை. ஆனால் நாள் எடுக்கும். நாள் கடந்துவிட்டது என்பதற்காக விட்டுவிடாதீர்கள், பெயர் மாற்றத்தை முதலில் தொடங்குங்கள். அப்படியே ஆர்.சி.யில் கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் இன்னும் நிற்கிறதா என்றும் பாருங்கள். தவணை கட்டி முடித்துப் பத்து வருடம் ஆகியிருக்கும், அந்த வரியை எடுக்க மறந்திருப்பார்கள். அந்தக் கம்பெனியிடம் தடையில்லாச் சான்று வாங்கிப் படிவம் 35 கொடுத்தால்தான் அது போகும்.

இதுவரை சொன்னது ஆச்சி கேட்டதற்குப் பதில். எனக்கு மண்டைக்குள் ஓடியது வேறு. எங்கே காட்டுவது, எவ்வளவு கட்டுவது என்றெல்லாம் கேட்டார்களே, மாதக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியை எடுத்தால் பிரேக் பிடிக்குமா என்று ஏன் கேட்கவில்லை?

சிங்கப்பூரில் இருக்கும் நேயர்களுக்குத் தெரியும், அங்கே கார் மூன்று வயதைத் தாண்டினால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சோதனை, பத்து வயதுக்கு மேல் வருடா வருடம். லண்டனில் மூன்று வயதிலிருந்தே வருடா வருடம். இங்கே சொந்த வண்டியைப் பதினைந்து வருடத்துக்குச் சட்டப்படி யாரும் பார்ப்பதில்லை. அப்பச்சி காரின் பிரேக்கை 2011க்குப் பிறகு அரசாங்கம் பார்க்கப்போவது இப்போதுதான். இடையில் பார்க்க வேண்டியது நாம்தான்.

மறுபடியும் அந்தக் கூரை ஓட்டுக் கதையா என்று பழைய நேயர்கள் சிரிப்பது கேட்கிறது. ஆமாம், அதே கதைதான். நம் வீடுகளில் தூண் பர்மா தேக்கு, சுவர் முட்டைச் சுண்ணாம்பு, நூறு வருடம் அசையாது. ஆனாலும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஆளைக் கூப்பிட்டு ஓட்டின் மேல் ஏற்றிப் பார்ப்போமா இல்லையா? போன வருடம் ஒழுகவில்லையே என்று விடுவதில்லை. சான்றிதழ் என்பது போன வருடம் ஒழுகவில்லை என்கிற தாள். அன்றைக்கு நன்றாக இருந்தது என்று மட்டும்தான் அது சொல்லும்.

அன்றைக்குக்கூட நன்றாக இருந்ததா என்பது வேறு விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு லாரிக்காரர் எஃப்.சி. காட்டுகிற அன்றைக்கு அண்ணன் லாரியிலிருந்து நாலு டயரைக் கழற்றி மாட்டிக்கொண்டு போனார். இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது மாதிரி. சான்று கிடைத்தது, சாயங்காலமே டயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள் திருமயம் பக்கத்தில் டயர் வெடித்து, சர்க்கரை மூட்டையெல்லாம் ரோட்டில். அப்போதும் மனிதர் சட்டைப்பையிலிருந்து சான்றை எடுத்து என்னிடம் காட்டுகிறார்!

நின்ற வண்டிக்கு ஓடிய வண்டியை விட வியாதி அதிகம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. ஈரம் சேர்ந்தால் உள்ளே சிலிண்டரில் துரு. வெளியே வழியாத வரைக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் மிதித்தால் கால் பலகை வரை போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றிவிடுங்கள். இன்னொன்று, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். ஆறு மாதம் கழித்து வந்தால் அது ஒட்டிக்கொண்டிருக்கும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுப் போங்கள். வயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

டயரில் நமக்கு ஒரு மயக்கம் உண்டு. ஓடாத வண்டியில் பட்டன், அதாவது டயரின் மேல் வரி, தேய்ந்திருக்காது, புதுசு மாதிரி நிற்கும். சட்டத்தில் காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும், இருசக்கர வண்டிக்கு 0.8. இந்தக் கணக்கில் அப்பச்சி கார் முதல் வகுப்பில் பாஸ். ஆனால் நம் ஊர் வெயிலில் பக்கவாட்டு ரப்பர் வெடித்திருக்கும், நகத்தால் அழுத்தினால் சின்னச் சின்ன விரிசல் தெரியும். வயதைத் தெரிந்துகொள்ள டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் இருக்கிற நாலு எண்ணைப் பாருங்கள். 3514 என்று இருந்தால் 2014ஆம் வருடம் 35ஆவது வாரம் செய்தது. போன மாதம் இதைச் சொன்னபோது ஒருவர், அது விலை என்றல்லவா நினைத்தேன் என்று எழுதினார்.

இதனால்தான் பிரேக் இன்ஸ்பெக்டர் என்கிற பெயர் எனக்குப் பிடிக்கும். பெயர் வைத்தது நம் ஜனங்கள்தான். எது முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளையார்பட்டி போய் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வையுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழத்தை நசுக்கின கையோடு பிரேக்கையும் ஒரு மிதி மிதித்துப் பார்க்கலாம்.

ஐயா காலத்துக் கார் மூடிப்போட்டு நிற்கிற வீடுகளும் இந்தப் பக்கம் உண்டு. யாராவது அதைக் கேளுங்களேன் என்று காத்திருக்கிறேன். பதிவாகி 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் அப்படியே இருந்தால் 2021இல் வந்த விதியில் பாரம்பரிய வண்டியாகப் பதியலாம். நம்பரிலேயே 'வி.ஏ.' என்ற எழுத்து வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று இப்படித்தான் ரோட்டில் எடுக்கலாம். சந்தைக்குப் போக முடியாது. அந்தக் கார்களைப் பற்றி ஒரு தனி நாள் பேசுவோம், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

ஆச்சிக்கு ஒன்று மட்டும். அலுவலகத்தில் காட்ட வேண்டுமே என்று கொட்டகையிலிருந்து நேரே காரைக்குடிக்கு ஓட்டிவிடாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். வண்டியை முற்றம் வரை தள்ளி, நாலு சக்கரத்தையும் கழற்றி, பிரேக்கைப் பார்த்துவிட்டு மாட்டட்டும். அதற்குள் நீங்கள் ஆர்.சி.யைத் தேடி எடுங்கள். அப்பச்சி பெட்டகத்தில்தான் வைத்திருப்பார், இன்சூரன்ஸ் தாளும் அதனுடனேயே இருக்கும். டயரில் இருக்கிற நாலு எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், வைத்துக்கொள்ளலாமா மாற்றலாமா என்று சொல்கிறேன்.

கேஸ் கிட் அடுத்த வாரம்.