நிழலுக்காக விட்டிருந்த மரம்

வணக்கம் மக்களே. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடுகிறது, சத்தம் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூதில் ஒரு மரக் கதை இருக்கிறது. கதைக்கு முன்னால் சட்டம். தெருப்பக்கம் சாயும் மரத்தை எவ்வளவு வெட்டவேண்டும்? ஒட்டகமும் அதன் மேல் உட்கார்ந்திருப்பவனும் இடிபடாமல் போகும் அளவுக்கு என்கிறது மிஷ்னா, அதாவது தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு. அடிக் கணக்கும் இல்லை, முழக் கணக்கும் இல்லை. ஒட்டகம், மேலே ஒரு ஆள், அவ்வளவுதான்!

மூன்றாம் நூற்றாண்டில் இன்றைய வட இஸ்ரேலில் உள்ள கலிலேயாவில் ரபி யன்னாய் என்று ஒரு அறிஞர் இருந்தார். ரபி என்றால் யூத மத குரு. அவர் மரம் ஒன்று தெருவில் சாய்ந்திருந்தது. இன்னொருவன் மரமும் அப்படியே. ஊர்க்காரர்கள் அவன் மரத்தை ஆட்சேபித்தார்கள், வழக்கு யன்னாயிடமே வந்தது. "இன்று போ, நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டார். அன்று இரவே ஆள் அனுப்பித் தன் மரத்தை வெட்டச் சொன்னார். மறுநாள் அவன் வந்ததும், "போய் வெட்டு" என்றார். அவன் விடுவானா? "உங்களுக்கும் ஒன்று இருக்கிறதே!" என்றான். "போய்ப் பார். என்னுடையது வெட்டியிருந்தால் நீயும் வெட்டு. இல்லையென்றால் வெட்டாதே" என்றார்.

பெரிய மனிதர், முதலில் தன்னைத் திருத்திக்கொண்டார் என்று இதோடு முடித்துவிடலாம். ஆனால் தல்மூத் விடுவதில்லை. இத்தனை நாள் ஏன் வெட்டவில்லை என்று அவரையே கேட்கிறது. வழிப்போக்கர்கள் நிழலில் உட்காரட்டும், அவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தாராம். எனக்கு இங்கேதான் சுருக்கென்றது. நம் மரத்துக்கு எப்போதும் ஒரு நிழல் காரணம் கைவசம் இருக்கிறது. அடுத்தவன் மரம் மட்டும் வெறும் இடைஞ்சல். அவனும் நிழலை நினைத்தே விட்டிருக்கலாம், அதை யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை.

மிஷ்னாவில் இன்னொரு வரி. தோல் நோய்க் குறிகளைப் பார்த்துத் தீட்டா, சுத்தமா என்று சொல்வது ஆசாரியர், அதாவது யூதப் பூசாரி, வேலை. எல்லாருடைய குறியையும் பார்க்கலாம், தன்னுடையதை மட்டும் பார்க்கக் கூடாது. ரபி மேயர் ஒரு படி மேலே போய், சொந்தக்காரர்களுடையதையும் கூடாது என்கிறார். நம் வீட்டுப் பிள்ளைகளை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பாபிலோனில் இருந்த ஷமுவேல் என்ற அறிஞர் இன்னும் கடுமை: பிறரை மட்டம் தட்டுகிறவன் தன்னிடம் உள்ள குறையைச் சொல்லியே தட்டுகிறான் என்றார். எல்லா நேரமும் அப்படியா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

சரி, இந்தக் கதை ஏன் இப்போது? எங்கள் மாடிப்படியில் ஒருவர் செருப்பு ஸ்டாண்டு வைத்திருக்கிறார். நேற்று அபார்ட்மெண்ட் குரூப்பில் போட நீளமாக ஒரு மெசேஜ் டைப் செய்தேன். "வயதானவர்கள் ஏறி இறங்கும் வழி" என்றெல்லாம் எழுதி, ஒரு போட்டோவும் எடுத்தேன். போட்டோவின் ஓரத்தில் பாதிச் சக்கரம் தெரிந்தது. என் சைக்கிள். கீழே விட்டால் மழையில் நனையுமே என்று அங்கே வைத்தது.

மெசேஜ் இன்னும் டிராஃப்டில்தான் இருக்கிறது. கேமராவை அணைத்துவிட்டு, சைக்கிளுக்கு ஒரு தார்ப்பாய் வாங்கக் கடைக்குப் போகிறேன்.