காரைக்கால் முதல் சரயேவோ வரை: பகை நாடுகள் கூட்டுச் சேர்வது ஏன்?

(கும்பகோணத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் வணக்கம்.

1758ஆம் ஆண்டு லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி பழைய கடன் பாக்கியைக் கேட்டுத் தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டார். வெடிமருந்து தீர்ந்துகொண்டிருந்த வேளையில், காரைக்காலுக்கு எதிரே ஆங்கிலக் கப்பல்கள் தென்படுகின்றன என்ற செய்தி எட்டவே, முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். அந்த ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில்தான் நாகப்பட்டினக் கடலில் இரு நாட்டுக் கடற்படைகளும் மோதியிருந்தன. நம் வயல்களிலும் கடலிலும் இப்படிப் பொருதிய அதே இங்கிலாந்தும் பிரான்சும் 1904இல் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டு, பத்தே ஆண்டுகளில் ஒரே அணியில் நின்று போரிட்டன. அப்போதும் காரைக்கால் பிரெஞ்சுக்காரரிடமும், அதைச் சூழ்ந்த தஞ்சை மாவட்டம் ஆங்கிலேயரிடமுமே இருந்தன. அப்படியானால் மாறியது எது?

அச்சம் வந்த திசை மாறியது. 1871இல் பிரான்சைத் தோற்கடித்து, அல்சாஸ் லொரேன் பகுதிகளைப் பிடுங்கிக்கொண்டு எழுந்த ஜெர்மானியப் பேரரசு, 1898லும் 1900லும் சட்டம் இயற்றிப் பெருங்கடற்படை கட்டத் தொடங்கியது. கடலை நம்பி வாழ்ந்த இங்கிலாந்துக்கு, பழைய பிரெஞ்சுப் பகையைவிட இந்தப் புதிய கப்பல்கள் நெருங்கிய ஆபத்தாகத் தோன்றின. ஒரே வாய்க்காலின் முறைத்தண்ணீருக்காகத் தலைமுறைகளாக வழக்காடிய இரு மிராசுதார்கள், தலைமடையில் மூன்றாமவர் ஒருவர் அணை போட முனைந்ததும் ஒன்றாகப் புறப்பட்டுப் போவார்களே, அத்தகைய ஒற்றுமைதான் இது. 1907இல் ரஷ்யாவோடும் இங்கிலாந்து இப்படியே உடன்பட்டது. இந்தியாவின் வடமேற்கு எல்லையை நோக்கி ரஷ்யா வருகிறது என்று அதுவரை தலைமுறைக் கணக்கில் அஞ்சிவந்த அரசு அது. மன்னரில்லாத குடியரசான பிரான்சு, ரஷ்யாவின் முடியாட்சியோடு 1894இல் கூட்டு வைத்ததும் இதே வகைதான். கொள்கை ஒப்புமை இருந்தால்தான் கூட்டணி அமையும் என்று நினைப்பவர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்த்தாலே போதும்.

ஆனால் பொதுப் பகைவனைக் கண்டு சேர்பவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கணக்கோடுதான் சேர்கிறார்கள். இதற்குச் சான்று தேட நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. இந்த ஊருக்கு அருகிலேயே திருப்புறம்பியம் இருக்கிறது. ஏறத்தாழ 880இல் அங்கே பாண்டியன் வரகுணனை எதிர்த்துப் பல்லவன் அபராஜிதனும், கங்க மன்னன் பிருதிவிபதியும், விஜயாலயன் மகன் ஆதித்த சோழனும் ஒன்றாக நின்றனர். பிருதிவிபதி தன் உயிரைக் கொடுத்துப் பல்லவனுக்கு வெற்றி தேடித்தந்தான் என்று உதயேந்திரம் செப்பேடு சொல்கிறது. அந்த அணியில் மிகச் சிறியவனாக இருந்த ஆதித்தன்தான் கடைசியில் மிகுந்த பயன் பெற்றவன். சில ஆண்டுகளில் அவன் அபராஜிதன் மீதே படையெடுத்துத் தொண்டை மண்டலத்தைக் கைப்பற்றினான். யானைமீது இருந்த பல்லவனைப் பாய்ந்து கொன்றான் என்கிறது கன்னியாகுமரிக் கல்வெட்டு. சோழப் பெருமை பேசும்போது நம்மூர் மேடைகளில் இந்தக் கூட்டாளியின் கதி அதிகம் பேசப்படுவதில்லை.

இனி என் உரையின் மையக் கருத்துக்கு வருகிறேன். பகைவனிடம் கொண்ட அச்சம் கூட்டணியை உண்டாக்குகிறது என்பது சரியே. எனினும் கூட்டணி நாடுகளைப் பெரும் போருக்குள் இழுத்துச் செல்வது பெரும்பாலும் இன்னோர் அச்சம், அதாவது இருக்கிற துணையை இழந்துவிடுவோமோ என்ற அச்சம். 1914 ஜூன் 28இல் பாஸ்னியாவின் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அதற்குச் செர்பியாவே பொறுப்பு என்று கருதி அதைத் தண்டிக்க விரும்பியது ஆஸ்திரியா. ஜெர்மனிக்குச் செர்பியாவோடு நேர்ப்பகை எதுவும் இல்லை. இருந்தும் ஜூலை 5இல் ஜெர்மானியப் பேரரசர் வில்லியம் நிபந்தனையற்ற ஆதரவை வாக்களித்தார். ஏனெனில் ஆஸ்திரியா நலிந்தால் ஜெர்மனிக்கு நம்பத்தக்க வல்லரசுத் துணை வேறு இல்லை. மறுபுறம் செர்பியாவுக்குத் துணைநின்ற ரஷ்யாவைப் பாருங்கள். 1908இல் ஆஸ்திரியா பாஸ்னியாவைச் சேர்த்துக்கொண்டபோது எழுந்த நெருக்கடியில், ஜெர்மனியின் மிரட்டலுக்குப் பணிந்து, அடுத்த ஆண்டு செர்பியாவைக் கைவிட நேர்ந்தது. இரண்டாம் முறையும் கைவிட்டால், செர்பியா உள்ளிட்ட தென்கிழக்கு ஐரோப்பிய நாடுகள் அடங்கிய பால்கன் பகுதியில் தன்னை யாரும் நம்பமாட்டார்கள் என்று அது கருதியது. ரஷ்யா சோர்ந்தால் ஜெர்மனியின் முன் தனித்து நிற்க வேண்டிவரும் என்று பிரான்சு அஞ்சியது. இவ்வாறு வலிய நாடுகளின் முடிவு, அவற்றினும் மெலிந்த கூட்டாளிகளின் கைக்குப் போய்விட்டது.

இதனோடு போர் ஆயத்தமும் சேர்ந்துகொண்டது. மேற்கிலும் கிழக்கிலும் ஒரே வேளையில் போரிட நேரும் என்று கணித்த ஜெர்மானியப் படைத்தலைமை, பெல்ஜியம் வழியே பாய்ந்து ஏறத்தாழ ஆறு வாரங்களில் பிரான்சை வீழ்த்திவிட்டு, பிறகு ரயிலேற்றிப் படையைக் கிழக்கே திருப்புவது என்று திட்டமிட்டிருந்தது. ரஷ்யா மெல்லத்தான் படைதிரட்டும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை; ரஷ்யாவோ பிரெஞ்சுக் கடனைக் கொண்டு தன் ரயில் பாதைகளைப் பெருக்கிக்கொண்டே வந்தது. காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் தமக்கே பாதகம் என்று ஜெர்மானியத் தளபதிகள் எண்ணியதில் வியப்பில்லை. ஜூலை 30இல் ரஷ்யா பொதுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டது. ஆகஸ்ட் 1இல் ஜெர்மனி அதன்மீது போர் அறிவித்தது. அன்று மாலை, இங்கிலாந்து ஒதுங்கி நிற்கக்கூடும் என்று கேள்விப்பட்ட வில்லியம், படை முழுவதையும் கிழக்கே அனுப்பச் சொன்னபோது, வகுத்த ஏற்பாட்டை இனி மாற்ற இயலாது என்று தளபதி மோல்ட்கே மறுத்துவிட்டார். ரயில் கால அட்டவணைக்கு முன்னால் பேரரசர் செயலற்று நின்றார் என்று சொன்னால் அது மிகையாகாது. நடுநிலை உறுதியளிக்கப்பட்டிருந்த பெல்ஜியத்துக்குள் ஜெர்மானியப் படை புகுந்ததும், ஆகஸ்ட் 4இல் இங்கிலாந்தும் போரில் இறங்கியது.

ஒப்பந்தத் தாளே நாடுகளைக் கட்டிப்போட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 1882 முதல் ஜெர்மனியோடும் ஆஸ்திரியாவோடும் உடன்படிக்கை வைத்திருந்த இத்தாலி 1914இல் ஒதுங்கிக்கொண்டது. மறு ஆண்டு எதிரணியில் சேர்ந்தது. தன் நலன் பிரிந்துபோனபோது அதற்குத் தாள் தடையாகவில்லை.

கூட்டணி முடிவுகளில் பங்கே இல்லாதவர்களின் நிலையையும் ஒரு சொல் கூற வேண்டும். ஐரோப்பாவில் டச்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டதால் 1781இல் நாகப்பட்டினம் கைமாறியது. டென்மார்க் வடநாட்டு அரசுகளோடு நடுநிலைக் கூட்டில் சேர்ந்ததால் 1801இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயர் பிடித்தனர். திருப்பிக் கொடுத்து, 1808இல் மீண்டும் பிடித்தனர். அங்கே வலை வீசியவர்களையும் நெல் விற்றவர்களையும் யார் கேட்டார்கள்? 1939 மார்ச்சில் இங்கிலாந்து போலந்துக்குக் காப்புறுதி அளித்தது. செப்டம்பர் 3இல் அந்த உறுதியின்படி ஜெர்மனிமீது போர் அறிவித்தது. அன்றே வைசிராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்கள் எவரையும் கலக்காமல், இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். அதைக் கண்டித்து மாகாணங்களின் காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகின. சென்னையில் இராஜாஜி அமைச்சரவை அக்டோபர் இறுதியில் பதவி துறந்தது. போலந்துக்குக் கொடுத்த வாக்கு தஞ்சை மாவட்டத்து ஆட்சியையும் மாற்றுவதற்கு ஏழு மாதங்களே ஆயின.